நாலாவது சாவி

மார்ச் 3

வாயாடிக்கு,

வீட்டுக்குப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அதனால் இதை உன் பார்சல் ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ குளிச்சிட்டிருக்கா மச்சான்" என்கிறார். ஜூலையிலிருந்து இதே பதில்தான். எட்டு மாதமாகவா ஒருத்தி குளிப்பாள்? உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என் மேல் கோபம் என்று தெரிகிறது. போன மே மாதம் ஒரே ஒரு பையோடு வந்தாய். நான்காம் நாள் அவர் வந்து கூப்பிட்டார், அனுப்பி வைத்தேன். எந்த வீட்டில்தான் சத்தம் இல்லை? உன்னைக் காட்டுக்கா அனுப்பினேன், உன் வீட்டுக்குத்தானே அனுப்பினேன். மனிதர் குடிக்க மாட்டார், சீட்டைத் தொட மாட்டார், தண்ணீர் வரி ஆபீசில் நல்ல வேலை, தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்.

சரி, என்னை விடு. பொருளையாவது மதிக்கக் கூடாதா? ஜூலையில் நீ ஒரு நிமிடம் போனில் பேசினாய். குளியலறைக்கு ஒரு உள்தாழ்ப்பாள் அனுப்பச் சொன்னாய். பூட்டுக்கடைக்காரன் தங்கைக்குத் துக்கடாத் தாழ்ப்பாளா அனுப்புவான்? கடையிலேயே உயர்ந்த ஏழு லீவர் பூட்டை அனுப்பினேன். கதவுக்குள்ளேயே பதிக்கிற வகை. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சாவி போடலாம். மூன்று சாவி. வீட்டுக்குப் பெரியவர் கையில் கொடுப்பதுதான் முறை என்று மாப்பிள்ளையின் ஆபீசுக்கே அனுப்பினேன். வாசல் கதவில் மாட்டிவிட்டதாகச் சொன்னார். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சாவி எண்ணை வழக்கம்போல நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தொலைத்தால் சொல், வெட்டித் தருகிறேன்.

இரண்டு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

பூட்டு நன்றாக வேலை செய்கிறது.

மூன்று சாவியும் அவரிடம் இருக்கின்றன. ஒன்று அவர் சட்டைப் பையில், ஒன்று ஆபீஸ் மேசையில், ஒன்று அவர் அம்மா வீட்டில். வேலை நாளில் என்னைப் பார்சல் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் அவரே வந்து கூட்டிப் போகிறார். கைப்பையைத் திறந்து காட்டிய பிறகுதான் வண்டியில் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருச் சங்கத்தில் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதப் போவார். ஒரு மணிக்கு வருவார். அந்த மூன்று மணி நேரமும் வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். முதல் நாள் கதவைத் தட்டினேன். வெளியே நின்றுகொண்டே சொன்னார், "உங்க அண்ணன் குடுத்த பூட்டுதானே? அவருக்கே தெரியுது உன்னை எப்படி வெக்கணும்னு."

நான் தாழ்ப்பாள் கேட்டதற்குக் காரணம், பழைய தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. அது எப்படிப் பெயர்ந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் அது இரண்டாவது முறை. இரண்டு முறையும் நான் உள்ளே இருந்தேன்.

போன் செய்யாதீர்கள். நீங்கள் செய்த நாளெல்லாம் எனக்கு நல்ல நாளாக இருந்ததில்லை. எழுதுவதென்றால் இங்கேயே எழுதுங்கள். எடை போடும் அக்கா வாங்கி வைத்துக் கொடுப்பார். படித்துவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போவேன்.

என்னை வாயாடி என்று கூப்பிட வேண்டாம். அது வேறு ஒருத்தி.


மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம் உன் மேல்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன். "அடிக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரிந்திருக்குமே என்று நினைத்தேன். உன் அண்ணியிடம் கேட்டேன், "அவ ஏன் வாயத் தொறந்து சொல்லல?"

"சொன்னாளே," என்றாள். "தாழ்ப்பாள் வேணும்னு சொன்னாளே."

நான் இருபத்திரண்டு வருடமாகப் பூட்டு விற்கிறேன். கதவைப் பார்த்தே இது எந்தப் பக்கம் திறக்கும், எங்கே இற்றிருக்கும் என்று சொல்வேன். அதே பூட்டு ஒன்று கடையில் இருந்தது. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதைக் கழற்றி லீவர் லீவராக மேசையில் பரப்பினேன். ஏழும் ஒழுங்காகத்தான் இருந்தன. திரும்பச் சேர்க்க முடியவில்லை. அப்படியே மேசையில் கிடக்கிறது.

இதைப் பேசித் தீர்த்துவிடலாம். கடையில் மூட்டை ஏற்றுகிற ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனை உட்கார வைத்து நான் கேட்கிற விதத்தில் கேட்கிறேன். நாள் மட்டும் சொல்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணாவுக்கு,

நான்கு பேரோடு வராதீர்கள். நீங்கள் கேட்டுவிட்டு மாலை வண்டியில் ஊருக்குப் போய்விடுவீர்கள். நான் இங்கே இருப்பேன்.

நீங்கள் முதல் ஆள் என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் ஏதோ ஒன்று செய்து பார்த்துவிட்டார்கள். கீழ் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். முன்பெல்லாம் சத்தம் கேட்ட பிறகு கூட்டுவார்கள், இப்போது அவர் வண்டி வந்ததும் கூட்டிவிடுகிறார்கள். வீட்டு உரிமையாளர், "கொஞ்சம் மெதுவாம்மா, மத்தவங்க குடியிருக்காங்க" என்றார், என்னைப் பார்த்து. என் மாமியார், "ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார். சரியாகாமல் போனால் அந்தக் குழந்தையும் உள்ளேதானே இருக்கும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர், நான் வாய் திறப்பதற்குள் "படிக்கட்டா?" என்று கேட்டு, அவரே எழுதிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு முறை போனேன். என் கணவரை வரவழைத்தார்கள். அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். போகும்போது அங்கே ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எடை போடும் அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் என் கையைப் பார்த்து, "இடது கையால தூக்கு, அது வலிக்காது" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு தெரிந்தது. இங்கே நாங்கள் ஆறு பெண்கள் வேலை செய்கிறோம். அதில் மூன்று பேருக்கு எந்தக் கையால் தூக்க வேண்டும் என்று தெரியும்.

அண்ணா, மே மாதம் நானும் சொன்னேன். அந்த வெயிலில் நான்கு நாளும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். நீங்கள் ஒரு டப்பா நிறையக் கலந்து கிடந்த ஸ்க்ரூவைக் கொடுத்து, "சும்மா இருக்கறதுக்கு இதப் பிரிச்சு வை" என்றீர்கள். முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச், ஒன்றரை, இரண்டு என்று நான்கு நாளும் பிரித்தேன். ஒரு தடவைகூடத் திடுக்கிடாமல் நான்கு நாள் இருந்தேன். முடிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மெதுவாகத்தான் பிரித்தேன்.

அப்புறம் அவர் வந்தார். நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கல்லாவுக்கு மேலே இருந்த போர்டைக் காட்டி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, கடை விதி மாப்பிள்ளை, அழைச்சுட்டுப் போங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் கேள்வி வரும்.

இந்த மாதத்தோடு வேலையை விடச் சொன்னார். சம்பளத்தைக் காட்டிக் கெஞ்சி ஏப்ரல் முடியும்வரை கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இந்த முகவரியும் இருக்காது.


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

போர்டைக் கழற்றிவிட்டேன். அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்று அதற்குக் கீழே என்னால் உட்கார முடியவில்லை.

அந்தப் பேச்சை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால் நான்தான் மறந்திருந்தேன். உன் அண்ணி மறக்கவில்லை. "அன்னிக்கு அப்புறம் மூணு நாள் உங்ககூட நான் பேசல, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு வயிற்று வலி என்று நினைத்து மருந்து வாங்கி வந்தேன். அந்த மருந்து இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். எடுத்துக் காட்டினாள்.

கடையில் ஒன்றைக் கவனித்தேன். எல்லாரும் என்னிடம் பேரம் பேசுவார்கள். கொண்டிக்குப் பேசுவார்கள், கீலுக்குப் பேசுவார்கள், ஒற்றை ஆணிக்கும் பேசுவார்கள். பேரமே பேசாமல் வாங்கிப் போகிற ஒரு வகை உண்டு. தனியாக வருகிற பெண்கள். சின்ன உள்தாழ்ப்பாள் கேட்பார்கள். "சத்தம் வராதது இருக்கா?" என்பார்கள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு வருடமாக இவர்களை நல்ல வாடிக்கையாளர்கள் என்று நினைத்து வந்திருக்கிறேன். இப்போது பார்க்கிறேன். வாரத்துக்கு மூன்று பேராவது வருகிறார்கள். இது ஒரு கடை. நம் தெருவில் மட்டும் பூட்டுக்கடை நான்கு இருக்கிறது.

நேற்று ஒருவர் வந்தார். முதல் முறையாகக் கேட்டேன்.

"எந்தக் கதவுக்கும்மா?"

"ரூம் கதவுக்கு."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார். பிறகு, "உள்பக்கம்" என்றார்.

"டப்பாவோட வர்ற குட்டை ஸ்க்ரூ வேணாம். ஒரு உதைக்குத் தாங்காது. ரெண்டு இஞ்ச் தரேன். கதவுல மட்டும் இல்ல, நிலைக்குள்ளயும் இறங்கணும்."

நீ பிரித்து வைத்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

இனி வேலைப் பேச்சு. என் நோட்டில் உன் வீட்டுப் பூட்டின் சாவி எண் இருக்கிறது. நாலாவது சாவி வெட்டிவிட்டேன். வேறு யாரையும் தொடவிடவில்லை, நானே அரம் போட்டேன். கடையில் கழற்றி வைத்த அந்தப் பூட்டின் லீவரை இந்த எண்ணுக்கு மாற்றி, இருபது முறை திருப்பிப் பார்த்தேன். சிக்கவில்லை. சாவி இந்தப் பார்சலில் இருக்கிறது. அந்தப் பூட்டு உள்பக்கமும் சாவி ஏற்கும் என்று இங்கே போட்ட முதல் கடிதத்திலேயே எழுதினேன். அன்றைக்குப் பெருமைக்காக எழுதியது. இன்றைக்காவது உதவட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

சாவி வந்தது. கைப்பையைத்தான் பார்க்கிறார், செருப்பைப் பார்ப்பதில்லை. உள்ளங்காலில் அழுத்திக்கொண்டே வீடு வரை போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. அவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று நினைக்கவில்லை. படிக்கட்டில் வெயில் விழுந்திருந்தது. கீழ் வீட்டுக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் உள்ளே வந்து, நானே பூட்டிக்கொண்டேன்.

என்னைக் கோழை என்று நினைக்காதீர்கள். வாசலில் நின்றபோது ஒரு கேள்விதான் வந்தது. எங்கே போவது? உங்கள் வீட்டுக்கா? இந்த முறை எத்தனை நாள்?

வெளிப்படையாகவே கேட்கிறேன். நீங்களும் அப்படித்தானே பேசுவீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். அண்ணி நல்லவர், ஆனால் விருந்தாளிக்கு எப்போதும் ஒரு கடைசி நாள் உண்டு. எனக்கு ஒரு அறை வேண்டும். கடைக்குப் பின்னால் இருக்கிற சரக்கு அறை வேண்டாம். ஒரு வேலை வேண்டும். கதவில் ஒரு உள்தாழ்ப்பாள் வேண்டும். சாவி யாரிடமும் இருக்கக் கூடாது, உங்களிடமும். போய்ச் சேர்ந்த பிறகு நானாகக் கூப்பிடும் வரை யாரும் வந்து தட்டக் கூடாது.

இதற்கு இல்லை என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. சரி என்று சொல்லிவிட்டு நான்காம் நாள் டீ வாங்கிக் கொடுக்காதீர்கள்.


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

சரி.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். எனக்கு நானே வாங்கியது.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், சுவரில் பச்சைப் பெயின்ட், அது பார்க்க நன்றாக இல்லை. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் முன்பணம் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார்.

"அவன் வந்தா கீழ்க் கதவ யாரு தொறக்கறது?"

"யாரும் தொறக்க மாட்டோம்."

"அப்ப சரி" என்றார்.

தாழ்ப்பாள் நான் மாட்டவில்லை. மூன்று வகை அறையில் வைத்திருக்கிறேன், துளை போடும் கருவியும் வைத்திருக்கிறேன். எது வேண்டுமென்று நீ தேர்ந்தெடு. வேலையும் கேட்டு வைத்திருக்கிறேன், என் கடையில் இல்லை. மொத்த வியாபாரி ஒருவருக்குப் பார்சல் எடை பார்க்க ஆள் வேண்டும். உன்னைத் தங்கை என்று சொல்லவில்லை, வேலை தெரிந்தவள் என்று சொன்னேன்.

வருகிற ஞாயிறு பத்தரை மணிக்கு உன் தெரு முனையில் கடையின் சரக்கு வண்டி நிற்கும். நான்தான் ஓட்டி வருவேன். மூட்டைக்காரர்கள் இல்லை. பக்கத்தில் உன் அண்ணி மட்டும். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளம்பிவிடுவோம். நீ வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க மாட்டேன். அடுத்த ஞாயிறு நிற்போம். சான்றிதழை எடுத்துக்கொள். மற்றதெல்லாம் கடையில் விற்கிற பொருள்தான்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

நேற்று வண்டியைப் பார்த்தேன். அவருக்குத் தலைவலி, வெளியே போகவில்லை. அவர் தலையை அமுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணி இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு நீங்கள் இறங்கி அதே டயரை உதைத்தீர்கள். பஞ்சராகாத டயரை இரண்டரை மணி நேரம் மாற்றி மாற்றி உதைத்தவர்கள் உலகத்திலேயே நீங்கள் இரண்டு பேர்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சிரிப்பு?" என்றார். இருமல் என்றேன்.

அடுத்த ஞாயிறு 27. அதற்குப் பிறகு எனக்கு ஆபீஸ் மூன்று நாள்தான்.

அந்த வண்டி நிற்கட்டும் அண்ணா.


மே 9

தங்கச்சிக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தபால்தலை ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான். தட்டக் கூடாது என்று சொன்னாய். தபால் பெட்டியில் போடக் கூடாது என்று சொல்லவில்லை.

உன் ஜன்னலில் மஞ்சள் திரை தெரிகிறது. நான் பார்க்க வரவில்லை. அந்த வழியாக வசூலுக்குப் போகிறேன். போன வாரம் நான்கு முறை வசூலுக்குப் போனேன். உன் அண்ணி, "அந்தத் தெருவுல நமக்குக் கடன்காரங்களே கிடையாதே" என்கிறாள்.

நேற்று அவன் கடைக்கு வந்தான். கூடவே நம் கடைத்தெருச் சங்கத் தலைவரையும் கூட்டி வந்தான். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சட்டை மடிப்புக் கலையாமல், குரலை உயர்த்தாமல் பேசினான். தலைவர் என் தோளில் கை வைத்து, "குடும்ப விஷயம். பேசி அனுப்பி வையுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் இதே குரலில் இதே வார்த்தையை நான் பேசியிருக்கிறேன். என் குரலை வெளியேயிருந்து கேட்பது போல இருந்தது.

"எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு தலைவரே. இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன்.

அவன் பையிலிருந்து சாவிகளை எடுத்து மேசையில் வைத்தான். மூன்று. எல்லாரையும் பார்த்துச் சொன்னான், "நீங்களே பாருங்க. மூணு சாவியும் எங்கிட்டதான் இருக்கு. பூட்டு உடையல. அப்புறம் அவ எப்படிப் போனா? யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க."

கீல் வாங்க வந்த ஒரு அம்மா அங்கே நின்றிருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த கீலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மூணு சாவியும் ஏன் உங்ககிட்ட இருந்துச்சு?"

தலைவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுகிறவனுக்கு ஒரு வரி வரவில்லை.

"நாலாவது நான் வெட்டினது" என்றேன். "அத முதல்லயே அவளுக்குக் குடுத்திருக்கணும்."

சாவிகளை விட்டுவிட்டே போனான். தலைவர் அவன்கூடப் போகவில்லை. பிறகு, "என் பெரிய பொண்ணும் ரெண்டு மாசமா போன் எடுக்கறதில்ல" என்றார். அவருக்கு நாற்காலி போட்டேன்.

அவன் திரும்பவும் வருவான். அது எனக்குத் தெரியும். நானும் கடையில்தான் இருப்பேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. தோன்றாவிட்டாலும் நான் வசூலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பேன்.

அண்ணன்


மே 18

அண்ணாவுக்கு,

வசூல் போகிறவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போய்ச் சைக்கிளில் மோதியதைப் பார்த்தேன். அடி ஒன்றும் இல்லையே?

அந்தக் கீல் அம்மா இன்னொரு முறை வந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம், ஆனால் நன்றி சொல்லுங்கள். கீலுக்கு விலையைக் குறையுங்கள். உங்களுக்கு வலிக்கும், இருந்தாலும் குறையுங்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருபது வருடமாகப் "படிக்கட்டு" என்று எழுதிய சீட்டுகளைப் பார்த்தவர் அவர். "நாங்க உக்காந்தே இருக்கோம், நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருந்தார். மூன்று மணி நேரம் கழித்து எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு இடத்தில் "கணவன் மனைவி சண்டை" என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு "அடித்தார்" என்று எழுதச் சொன்னேன். இரண்டு முறை சொன்ன பிறகு எழுதினார்கள். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிவிட்டது. இருந்தாலும் என் கையெழுத்துதான்.

மூன்று தாழ்ப்பாளில் சின்னதைத்தான் தேர்ந்தெடுத்தேன். நானே மாட்டினேன். முதல் துளை கோணலாகப் போய்விட்டது, சுவரில் ஒரு பள்ளமும் விழுந்தது. அந்தப் பச்சைப் பெயின்டுக்கு அதனால் நஷ்டம் இல்லை. இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ, நிலைக்குள் இறங்கியிருக்கிறது. முதல் வாரம் பகலிலும் போட்டே வைத்திருந்தேன். சும்மா எழுந்து போய்த் திறப்பேன், மூடுவேன், திறப்பேன். கீழே நர்ஸம்மா, "மேல என்ன, பூட்டுக்கடையா?" என்று கேட்டார். "ஆமா, பரம்பரைத் தொழில்" என்றேன்.

நாலாவது சாவியை வைத்திருக்கிறேன். அதற்கு இனி கதவு இல்லை. ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஜன்னல் திரையின் ஓரத்தில் கட்டியிருக்கிறேன், காற்றில் பறக்காமல் இருக்க.

வியாழக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மூன்று மணிக்கு நீங்களும் அண்ணியும் வாருங்கள். டீ நான் போடுகிறேன். கலந்து கிடக்கிற ஸ்க்ரூ இன்னொரு டப்பா இருந்தால் எடுத்து வாருங்கள், பேசிக்கொண்டே பிரிக்கலாம்.

வந்ததும் தட்டுங்கள். தட்டிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். நான் இருந்த இடத்திலிருந்து எழுந்து, அவசரப்படாமல் நடந்து வந்துதான் திறப்பேன். அதற்குள் இன்னொரு முறை தட்டக் கூடாது.

வாயாடி